மூச்சு வாங்குவது எந்தப் பாகம்?

ஆறேழு வருடமான கேமிங் கணினிக்கு என்ன வாங்கிப் போடலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் பட்ஜெட்டை முதலில் கேட்பதில்லை. விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. புதுக் கார்டுகளின் விலை மட்டும் தலைகீழ்ப் பாடமாக இருக்கும்.

அக்கா மகன் கதையும் அதேதான். கல்லூரியில் இரண்டாம் வருடம். 2019இல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்த கணினி. ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக, 1 டிபி ஹார்டு டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1060 கார்டில் 3 ஜிபி வகை, 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ். வாங்கிய காலத்தில் நல்ல கூட்டணிதான்.

"கார்டை மட்டும் மாத்திட்டா போதும்ல மாமா?"

"போதுமா போதாதான்னு உன் கணினியே சொல்லும்டா. முதல்ல டீயைக் குடி."

விளையாட்டில் ஒரு ஃபிரேம் உருவாக இரண்டு பேர் உழைக்கிறார்கள். எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எங்கே பாய்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதையெல்லாம் கணக்குப் போட்டு, "இதை வரை" என்று கட்டளை எழுதிக் கொடுப்பது பிராசஸர். அதை வாங்கி வண்ணமும் நிழலும் சேர்த்து வரைவது கிராபிக்ஸ் கார்டு. ஓட்டலில் ஆர்டர் எடுப்பவரும் தோசைக்கல்லில் நிற்கும் மாஸ்டரும் மாதிரி. ஆர்டர் எடுப்பவர் நிதானமானவர் என்றால் இன்னொரு தோசைக்கல் போட்டு ஒரு பயனும் இல்லை. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கார்டு விளம்பரங்கள் எல்லாம் தோசைக்கல்லைப் பற்றியே பேசுகின்றன.

ஆகவே முதல் வேலை அளப்பது. செலவு ஒரு பைசா கிடையாது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளையும் அதோடு வரும் ரிவாட்யூனரையும் போட்டுக்கொண்டால், விளையாடும்போதே திரையின் மூலையில் எண்கள் ஓடும். கார்டின் பயன்பாடு, அதன் நினைவகம், வெப்பம், பிராசஸர், ரேம், ஃபிரேம் எண்ணிக்கை எல்லாம் தெரியும். ஆஃப்டர்பர்னர் எந்தக் கம்பெனிக் கார்டிலும் ஓடும். அளப்பதற்கு முன், ஃபிரேமை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க்கை நிறுத்த வேண்டும், ஃபிரேம் வரம்பு எதுவும் வைத்திருந்தால் அதையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பாதி வேலையில் சும்மா இருப்பதைப் பார்த்துத் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

கார்டு 95 சதவீதத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருந்தால் மூச்சு வாங்குவது கார்டு. கார்டு அறுபதில் நின்று ஃபிரேமும் குறைவாக இருந்தால் பிராசஸரையோ ரேமையோ சந்தேகிக்க வேண்டும். இதில் ஒரு குழி உண்டு. டாஸ்க் மேனேஜர் பிராசஸரை 40 சதவீதம் என்று காட்டும். "அதான் பாதிகூட ஓடலையே" என்று நினைத்துவிடுவோம். 2600க்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். அதில் ஒரே ஒரு த்ரெட் முழுமூச்சாக ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். பல விளையாட்டுகள் ஒரு முக்கியமான த்ரெட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அது திணறினால் மற்ற பதினொன்றும் ஓய்வாக இருந்தாலும் படம் வராது. ஆகவே பிராசஸரின் மொத்தச் சதவீதத்தை நம்ப வேண்டாம், கார்டின் சதவீதத்தை நம்பலாம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது. விளையாட்டின் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கி, அதே இடத்தில் நின்று ஃபிரேமைப் பாருங்கள். நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லை என்றால் கார்டுக்கு வேலையைக் குறைத்தும் பயனில்லை. தடை பிராசஸர் பக்கம். இந்தச் சோதனையைச் செய்யாமல் கார்டு வாங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

இன்னொன்று, சராசரி ஃபிரேமைப் பார்த்து ஏமாறக் கூடாது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிவினாடி. சராசரி 70 என்று காட்டும்; ஆனால் பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் 100 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு அது ஒரு வெட்டாகத் தெரியும். சுடப் போகும் நேரத்தில் வந்தால் ஆட்டமே போச்சு. வேகம் குறைவது ஒரு நோய், வெட்டுவது வேறு நோய். வெட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ரேம், ஹார்டு டிஸ்க், கார்டின் நினைவகம் இந்த மூன்றில் ஒன்று.

மருமகன் கணினியில் பார்த்தபோது, 8 ஜிபி ரேமும் விளையாட்டு தொடங்கிய சற்று நேரத்தில் நிரம்பிவிட்டது. விண்டோஸ், பின்னால் திறந்து வைத்த பிரவுசர், நண்பர்களோடு பேச டிஸ்கார்டு எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் கொண்டு போய் வைக்கும். டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்துவிடும். அவன் இதுவரை கார்டைத் திட்டிக்கொண்டிருந்தான்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி என்ற பக்கத்தைத் திறந்தால் இன்னும் இரண்டு விஷயம் தெரியும்: எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது. ஒற்றைக் குச்சி என்றால் பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே ஒரே ஒரு பாதை. டிடிஆர்4 3200 ரேமுக்கு ஒரு பாதையில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு குச்சியைச் சரியான ஸ்லாட்டில் போட்டால் 51.2. நாலு ஸ்லாட் இருக்கும் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் பொதுவாகச் சரியான ஜோடி. பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிட்டு "டூயல் சேனல்" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வேகமும் அப்படித்தான். 3200 என்று எழுதிய ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால் 2133இலோ 2400இலோ ஓடும். முதல் தலைமுறை ரைசன்களுக்கும் அடுத்து வந்த 2000 வரிசைக்கும் ரேமின் வேகம் மிக முக்கியம். அவனுடையது வாங்கிய நாளிலிருந்து 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. அசெம்பிள் செய்கிற பையன்கள் பயாஸுக்குள் போவதே இல்லை போலும்.

முன்பெல்லாம் "16 ஜிபி ஜோடி புதுசா வாங்கிடு" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போகின்றன. தயாரிப்பாளர்களும் லாபம் எங்கே அதிகமோ அங்கே திரும்பிவிட்டார்கள். வீட்டுக் கணினிகளுக்கு குரூஷியல் என்ற பெயரில் ரேம் விற்று வந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இருக்கும் குச்சியைத் தூக்கிப் போடாமல், அதே வேகமும் அதே அளவுமுள்ள இன்னொரு குச்சியைச் சேர்ப்பதுதான் இன்று புத்திசாலித்தனம். பழையது வாங்கினாலும் தவறில்லை. ஓடாத ரேம் ஒரு மணி நேரச் சோதனையில் தெரிந்துவிடும். டிடிஆர்5 ரேம் டிடிஆர்4 போர்டில் ஏறாது, குச்சியில் வெட்டு இருக்கும் இடமே வேறு.

ஹார்டு டிஸ்க்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எஸ்எஸ்டி போட்டே ஆக வேண்டும். சைபர்பங்க் 2077 அதன் 2.0 அப்டேட்டிலிருந்து எஸ்எஸ்டியைக் குறைந்தபட்சத் தேவையாகவே வைத்துவிட்டது, ஸ்டார்ஃபீல்டும் அப்படியே. பி450 போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்கும், என்விஎம்இ வகை நேராக ஏறும். நாலாம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அந்தப் போர்டில் மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும். சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செத்துவிடும். பழைய டிஸ்க் காணாமல் போய்விட்டது என்று பதறுவதற்கு முன் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

இனி எஸ்எம்பிஎஸ். இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இது.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். மேலே பெரிதாக 450 வாட் என்று இருக்கும். அது எல்லா வோல்டேஜையும் கூட்டிச் சொன்ன எண். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட் லைனில் மட்டும். அந்த வரியில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான் உண்மையான சரக்கு, மிச்சமெல்லாம் ஸ்டிக்கர். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸில் 12 வோல்ட் லைன் மட்டுமே 400 வாட்டைத் தாண்டும். 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. ஷார்ட் ஆனால் தன்னை அணைத்துக்கொள்ளுமா என்பதை அது சொல்லாது. அதற்கு நான் பார்க்கும் அளவுகோல் வாரண்டி: ஐந்து வருடம் கொடுக்கத் தயாராக இருப்பவன் உள்ளே ஓரளவு நல்ல கபாசிட்டர் போட்டிருப்பான்.

பழைய மாடுலர் எஸ்எம்பிஎஸின் கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பவர் போட்ட கணத்தில் டிஸ்க்கோ போர்டோ கருகும்.

இதோடு யுபிஎஸ்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் வீடுகளில் வழக்கமாக இருப்பது 600 விஏ யுபிஎஸ். அது தாங்குவது சுமார் 360 வாட். டைப் அடிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். புதுக் கார்டு போட்டு பெரிய விளையாட்டில் இறங்கிய நேரத்தில் கரண்ட் போனால், கீச்சென்று ஒரு சத்தம், எல்லாம் அணைந்துவிடும். குற்றம் கார்டின் மேல் விழும். சில எஸ்எம்பிஎஸ்களுக்கு மலிவு யுபிஎஸ் தரும் சதுரமான மின் அலை ஒத்துப்போவதும் இல்லை. கார்டு பட்ஜெட் போடும்போதே இதற்கும் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று ஏறுகிறதா? அது எர்த் இல்லாததன் அடையாளம். எஸ்எம்பிஎஸ் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் கபாசிட்டர்கள் மின்லைனையும் இரும்புப் பெட்டியையும் இணைக்கின்றன. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டியே 230இல் பாதி, 115 வோல்ட் அளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பொதுவாக ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் நேரத்தில் போர்ட் போகலாம். பல ஆயிரம் ரூபாய்க் கார்டு வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்குக்கு எர்த் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

"இவ்வளவும் பண்ணிட்டுத்தான் கார்டா மாமா?"

"கார்டுக்குத்தான்டா வரோம்."

2016 ஜூலையில் வந்த 1060க்கு இரண்டு வகை. 6 ஜிபி, 3 ஜிபி. நினைவகம் மட்டும் வித்தியாசம் என்று கடையில் சொல்லி விற்றார்கள். உண்மையில் 3 ஜிபி வகையில் கோர்களும் குறைவு, 1280க்குப் பதில் 1152. இன்றைய விளையாட்டுகளின் டெக்ஸ்சர்களுக்கு 3 ஜிபி எந்த மூலைக்கும் காணாது. கார்டின் நினைவகம் நிரம்பினால் கார்டு தன் சரக்கைக் கணினியின் ரேமில் வைத்து, தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக இழுக்கும். அந்தப் பாதை கார்டின் சொந்த நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. அப்போது வருவதுதான் அந்த வெட்டு.

இங்கேதான் பழைய போர்டுக்காரர்கள் ஏமாறும் இடம் இருக்கிறது. பி450 போர்டில் இருப்பது மூன்றாம் தலைமுறைப் பாதை. அதன் நீண்ட ஸ்லாட்டில் பதினாறு லேன்கள். ஆனால் மலிவுக் கார்டுகள் பதினாறையும் பயன்படுத்துவதில்லை. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 எல்லாம் எட்டே லேன். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நாலே லேன், நினைவகமும் 4 ஜிபி. புதுப் போர்டில் பாதை வேகமாக இருப்பதால் சமாளித்துவிடும். பழைய போர்டில் போட்டால் அதே கார்டு நொண்டும். நாலு லேன் கார்டு பழைய கணினிக்கு ஆகவே ஆகாது. எட்டு லேன் கார்டு என்றால், நினைவகம் நிரம்பாத வரை பெரிய இழப்பில்லை.

8 ஜிபியா 16 ஜிபியா என்ற கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டு அளவிலும் கிடைக்கிறது. அறிமுக விலையில் வித்தியாசம் 50 டாலர்தான். பதினாறு லேனும் உண்டு, சுமார் 160 வாட். பழைய போர்டில் மாட்டப் புதுக் கார்டு ஒன்றைச் சொல் என்றால் இதன் 16 ஜிபி வகையைச் சொல்வேன். பட்ஜெட் பாதிதான் என்றால் ஆர்எக்ஸ் 6600: 8 ஜிபி, 132 வாட். 1080பி மானிட்டருக்கு இன்னும் மரியாதையாக ஓடும்.

இன்டெல்லின் ஆர்க் பி580, 12 ஜிபி நினைவகத்தோடு 249 டாலர் என்று 2024 டிசம்பரில் வந்தபோது எல்லோரும் கை தட்டினோம். கார்டு நல்ல கார்டுதான். ஆனால் அதன் டிரைவர் பிராசஸரிடம் அதிக வேலை வாங்கும். ரீசைசபிள் பார் என்ற வசதியும் அதற்கு அவசியம். ரைசன் 2000 வரிசைக்கு அந்த வசதி அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. 2600இல் மாட்டினால் பலத்தில் நிறைய வீணாகும். புதுக் கணினிக்கு அருமையானது, பழையதற்குத் தகாது.

ஆபீஸ் கழித்த பிராண்டட் கணினியை வாங்கி கேமிங்குக்கு மாற்றுகிறவர்களும் நிறைய. அவற்றின் எஸ்எம்பிஎஸில் கார்டுக்குத் தனி பவர் கேபிளே இருக்காது. ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் வழி. ஆர்டிஎக்ஸ் 3050இல் 6 ஜிபி வகை 70 வாட், பெரும்பாலானவற்றுக்குத் தனி பவர் வேண்டாம். 8 ஜிபி வகைக்கு வேண்டும்; பெயரில் ஒன்றுதான், கார்டு வேறு. கேபினட் ஒல்லி என்றால் குள்ளக் கார்டாகவும் இருக்க வேண்டும். கேபினட்டுக்குள் ஸ்கேல் வைத்து நீளத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஹார்டு டிஸ்க் கூண்டு இடிக்கும்.

கார்டை மாற்றாமலே ஓட்டலாம் என்பவர்களுக்கும் காலம் நெருங்குகிறது. 1060 அடங்கிய பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியா புது விளையாட்டுகளுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், டூம்: த டார்க் ஏஜஸ் போன்றவை ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் திறக்கவே திறக்காது. ஆனால் அவன் விளையாடுவது முக்கால்வாசி கவுன்டர் ஸ்ட்ரைக்கும் வாலரன்ட்டும். இரண்டும் கார்டைவிடப் பிராசஸரைத்தான் அதிகம் கேட்கும்.

ஆகவே பிராசஸர். இதில் அவனுக்கு அதிர்ஷ்டம். ஏஎம்4 என்ற சாக்கெட்டை ஏஎம்டி பல வருடம் மாற்றாமல் வைத்திருந்தது. 2018இல் வந்த 2600 உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600 உட்காரும். கோர் எண்ணிக்கை அதே ஆறு. ஆனால் ஒவ்வொரு கோரும் ஒரு சுற்றில் செய்யும் வேலை வெகுவாகக் கூடியிருக்கிறது, வேகமும் 3.9இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏறியிருக்கிறது. முன்னே சொன்ன அந்த ஒற்றை த்ரெட்டுக்கு இதுதான் மருந்து. கூடவே வரும் கூலர் போதும், மின்சாரமும் அதே 65 வாட் வகுப்பு. 5500 என்று விலை குறைவாக ஒன்று இருக்கும். அதில் எல்3 கேஷ் 32க்குப் பதில் 16 எம்பி. விளையாட்டில் அது தெரியும். 96 எம்பி கேஷோடு வரும் 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும்தான் இந்தச் சாக்கெட்டின் உச்சம். நியாயமான விலையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மாற்றும் வேலையில் மூன்று எச்சரிக்கை. பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும். செய்யும் நேரத்தில் கரண்ட் போனால் போர்டு செங்கல்தான், யுபிஎஸ் அப்போதுதான் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்னதாகவே தாளில் எழுதி வையுங்கள். பயாஸும் பிராசஸரும் மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கும். மூன்றாவது, ஏஎம்4 பிராசஸரில் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், கூலரைத் தூக்கும்போது பிராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசி வளையும். கொஞ்ச நேரம் விளையாடிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாகத் திருகித் திருகி எடுத்தால் பத்திரமாக வரும்.

இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடையாது. ஐ5-7400 போன்ற ஏழாம் தலைமுறைப் போர்டில் எட்டாம் தலைமுறை பொருந்துகிற மாதிரியே இருக்கும். சாக்கெட் பெயரும் ஒன்றுதான். ஓடாது. அந்தப் போர்டில் ஏறும் ஐ7-7700க்குப் பழைய சந்தையில் இன்றும் அநியாய விலை. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறையில் ஒன்றிரண்டைத் தவிர விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அதில் பணம் போடுவது வீண். ஆனால் ரேமைக் காப்பாற்றலாம். ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் போன்ற பன்னிரண்டாம் தலைமுறைக்கு டிடிஆர்4 ஏற்கும் எச்610, பி660 போர்டுகள் உண்டு. கடைக்காரர் டிடிஆர்5 போர்டை எடுத்து நீட்டும் முன் நீங்கள் முந்திக்கொண்டு கேளுங்கள். இன்றைய ரேம் விலையில் இது சின்ன விஷயம் இல்லை.

பழைய கார்டு வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கலாம், ஓட்டிக் காட்டினால். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதோடு அதைக் கார்டில் தோண்டும் வேலை நின்றது. சுரங்கத்தில் உழைத்த கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன, இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. உழைத்த கார்டு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். விசிறியும் தெர்மல் பேடும் மாற்றினால் பல நன்றாகவே ஓடும். பயப்பட வேண்டியது போலிக்கு. பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கிறார்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே 2304க்குப் பதில் 2048 கோர் உள்ள ஒன்றும் உலவுகிறது. ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருள் பல போலிகளைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கார்டை முழுமூச்சாக ஓடவைக்கும் ஃபர்மார்க்கைக் கால் மணி நேரமாவது ஓடவிட்டு, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, வெப்பம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், கேரண்டி" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

கடைசியில் மருமகனுக்குச் சொன்ன வரிசை இது. இன்றைக்கே, பெரிய செலவில்லாமல்: தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, எக்ஸ்எம்பியை இயக்கு. புளோயரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள், காற்றில் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். இந்த மாதம் இன்னொரு 8 ஜிபி குச்சியும் எஸ்எஸ்டியும். அதிலேயே விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்டுவிடு, 2600 அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதன் பிறகு மறுபடி அள. வாலரன்ட்டில் கார்டு சும்மா நின்றால் 5600. பெரிய கதை விளையாட்டுகளில் கார்டு 99இல் நின்றால் எஸ்எம்பிஎஸும் கார்டும் சேர்த்து. எஸ்எம்பிஎஸ் இல்லாமல் கார்டு மட்டும் வாங்கி வந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

75 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 75 ஃபிரேமுக்கு மேல் காட்டாது. அதைத் தாண்டிப் பணம் போடுவதாக இருந்தால் அடுத்தது மானிட்டர்தான், கார்டு இல்லை. அதையும் வாங்கியதும் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் செருகியிருக்கிறதா, விண்டோஸ் செட்டிங்கில் ஹெர்ட்ஸ் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வருடக்கணக்கில் 60இல் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எது வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள், பெட்டியையும் கார்டில் ஒட்டிய ஸ்டிக்கரையும் வாரண்டி முடியும்வரை பத்திரமாக வையுங்கள். அந்த ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சர்வீஸ் சென்டரில் வாரண்டி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.